ஒரு காரில் அடங்கியிருக்க வேண்டிய பயணம்

எங்கள் ஆட்கள் ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் வரை எப்படி வந்து சேர்ந்தோம் என்பது அதிசயமாகத்தான் இருக்கும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஏஜென்சிக்காரன் இழுத்து வந்து இறக்கினான், இறங்கினோம். பொறுப்பை எங்களிடமே விட்டிருந்தால், பருத்தித்துறையிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம் வரவேண்டும், அவர்களுக்குச் சொல்லாமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே இன்றுவரை காத்துக்கொண்டிருப்போம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் முழுவதையும் நான் இந்தத் திட்டம் போடும் திருவிழாவைப் பார்த்தே கழித்தேன். அப்போது பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தோம். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. குளிக்கும் தொட்டி குசினிக்குள்ளேதான். அதன்மேல் பலகையைப் போட்டால் சாப்பாட்டு மேசை. அந்தப் பலகையில்தான் ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்றுக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, பிரான்ஸ் நாட்டின் வீதிப் படம் விரிக்கப்பட்டது.

படத்தை விரித்தவர் என் கணவரின் நண்பர், பாண்டிச்சேரிக்காரர். பாரிஸில் தபால் கந்தோரில் வேலை. எங்கள் ஆட்களின் அகதி விண்ணப்பங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துக் கொடுத்து எங்களுக்குள் ஒருவராகிவிட்டவர். அவருக்குப் பிறந்த நாளிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. அதைத் தானே பாடுபட்டுச் சம்பாதித்ததுபோல நடந்துகொள்வார். இருந்தாலும் எங்கள் வட்டத்தில் சொந்தமாகக் காரும், அதை ஓட்டுவதற்கு லைசென்சும் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். ஆகவே அவர் சொல்வதையெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்டோம்.

பேச்சைத் தொடக்கியது நான். எனக்கு ஒரே ஒரு தங்கை. அவள் சுவிஸில் லோசான் நகரத்தில் ஒரு அகதி விடுதியில் இருந்தாள். நான் ஊரை விட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், எனக்குப் பிறகு இன்னொரு கூட்டத்தோடு கிழக்கு பெர்லின் வழியாக வந்து அங்கே இறங்கிவிட்டாள். என்னிடம் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தி நீட்டுகிற ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு பிரான்சுக்குள் போகலாம் வரலாம், எல்லையைத் தாண்டக் கூடாது. அவளிடம் இருந்ததும் அதே மாதிரி ஒன்றுதான். ரயிலில் அரைநாள் தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் வருடக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. அந்தக் கோடை முடிய அவள் கனடாவுக்குப் போகப்போகிறாள். அங்கே ஒருவருக்கு அவளைப் பேசி முடித்தாயிற்று. கல்யாணத்தில் அவள் பக்கம் நிற்க எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கப்போவதில்லை. கனடா போனவர்களைத் திரும்ப எப்போது காண்போம் என்று அந்த நாளில் யாருக்குத் தெரியும்? போகமுன் ஒருதரம் அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பாண்டிச்சேரிக்காரர் படத்தில் நீலமாக, வாழைப்பழம்போல வளைந்து கிடந்த ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"கவலப்படாதீங்கம்மா. இதுதான் லாக் லெமோன், பெரிய ஏரி. இந்தக் கரை நம்ம ஃபிரான்சு, அந்தக் கரை சுவிசு. ஏரி முடியிற எடத்துல சான் ஜான்கோல்ப்னு ஒரு ஊரு இருக்கு. ஊருக்கு நடுவுல சின்னதா ஒரு ஆறு ஓடுது, அதுமேல ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நம்ம போலீசு, அந்தப் பக்கம் அவங்க போலீசு. நீங்க இங்க நில்லுங்க, தங்கச்சி அங்க வந்து நிக்கட்டும். மூஞ்சியப் பாத்துப் பேசலாம். எந்தப் பப்பியேவும், ஒரு தாளும் வேணாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு கார், அதில் நாங்கள் இரண்டு பேர், அவரும் அவர் மனைவியும். விடியப் புறப்பட்டால் பின்னேரம் பாலம். இதைவிட எளிதான பயணம் உலகத்தில் உண்டா? அந்த நிமிடமே எழும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் என் கணவர் வாயைத் திறந்தார்.

"இவ்வளவு தூரம் போறம், பாலத்தை மட்டும் பார்த்திட்டு வாறதே?"

அவ்வளவுதான். பாண்டிச்சேரிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அலோர், வகான்ஸ்னா வகான்ஸ் மாதிரி இருக்கணும், லீவு சும்மா போகக் கூடாது" என்று ஆரம்பித்து, ஏரிக்கரையின் ஒவ்வொரு ஊரையும் தன் மாமியார் வீட்டைப்போல விபரித்தார். தோனோனில் மணல் கொட்டிய குளிக்குமிடம். அதற்கு மேலே, ஏரியைப் பார்த்த சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துக்குள்ளேயே வைன் செய்கிறார்களாம், போகிறவர்களை நிலவறைக்குள் கூட்டிப்போய்ச் சும்மா ருசிபார்க்கக் கொடுக்கிறார்களாம். 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவரின் முகத்தில் வந்த ஒளியை எங்கள் திருமணப் படத்தில்கூட நான் கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு ருசிபார்ப்பதற்கு ஒத்திகை நடந்தது. ஆம், ஒத்திகை. என் கணவர் பெரிய உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வைனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது காய்ந்துபோனால் கிளாசின் அடியில் எப்படி ஒட்டும் என்பதுதான். அவரும் பாண்டிச்சேரிக்காரரும் பலகையின் இரண்டு பக்கமும் மந்திரிகளைப்போல உட்கார்ந்தார்கள். நடுவில் மூலைக்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் போத்தல் வைன். என்னை ஆட்டிறைச்சி பொரிக்கச் சொன்னார்கள். வைனை ருசிபார்க்க ஆட்டிறைச்சி எதற்கு என்று நான் கேட்டதற்கு, உறைப்பைக் கூடப் போடச் சொன்னார்கள்.

"மொதல்ல கிளாசச் சுத்தணும். அப்புறம் மோந்து பாக்கணும். வாய்ல வச்சு அப்படியே உருட்டணும். முழுங்கக் கூடாது. கடைசில துப்பிடணும்" என்றார் பாண்டிச்சேரிக்காரர்.

"துப்புறதோ?" என் கணவர் உண்மையிலேயே பதறிப்போனார். "அண்ணை, அந்த மனுசன் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தன்ரை கையாலை ஊத்தித் தாறான். அவன்ரை கண்ணுக்கு முன்னாலை துப்பினால் என்ன நினைப்பான்?"

பாண்டிச்சேரிக்காரர் யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் துப்பாமலே பழகினார்கள். போத்தல் முடியும் மட்டும் பழகினார்கள். இதில் புளிப்பு இருக்கிறது, அதில் பழவாசம் இருக்கிறது என்று ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய இரண்டு கிளாசுகளுக்குள் அவர்கள் கண்ட வித்தியாசங்களை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

குளிக்குமிடத்துக்கான ஆயத்தம் இதைவிட மோசம். என் கணவர் கடற்கரை ஊரில் பிறந்தவர். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டு விளையாடி வளர்ந்தவர். நீந்தத் தெரியாது. பார்பெஸ் பக்கத்து மலிவுக் கடையில் கிளிப்பச்சைப் பூப்போட்ட நீச்சல் களிசான் ஒன்றை வாங்கிவந்து, போட்டிருந்த காற்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் என்னத்தைப் போட்டுக்கொண்டு குளிக்கிறது?" என்று கேட்டேன்.

"நீர் ஏன் குளிக்கிறீர்? எங்கடை உடுப்புகளை ஆரும் பார்த்துக்கொண்டு இருக்கத்தானே வேணும்."

சரி, உடுப்புக் காவல். அதற்கும் தலையை ஆட்டினேன். வைன் குடிக்கட்டும், கிளிப்பச்சையில் தண்ணீருக்குள் நின்று படம் எடுக்கட்டும், எல்லாம் முடிந்து ஒரு பின்னேரம் என்னைப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். இந்த மனிதர்கள் ஒரு காரியத்தையாவது கெடுக்காமல் விடுவார்கள் என்று நம்பும் அளவுக்கு அப்போது எனக்கு இளவயது.

கெடுத்தது வைன் இல்லை. சொல்லுதல்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. எங்கள் ஆட்களிடம் ஒரு விசயத்தைச் சொல்லுவது என்பது வேறு, அது அவர்கள் காதில் விழுவது என்பது வேறு. கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொன்னால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லிவிட்டு அவருடைய மச்சானுக்குச் சொல்லாவிட்டால் அது ஒரு தலைமுறைக்கு நிற்கும். "எங்களுக்குச் சொல்லேல்லை" என்ற ஒரு வசனத்தால் செத்தவீட்டுக்கே போகாமல் விட்ட சகோதரர்களை எனக்குத் தெரியும். பயணத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்று நான் கணவரிடம் முதல்நாளே கேட்டிருந்தேன். ஓம் ஓம் என்றார். அந்தக் கிழமையே எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போன இடத்தில் ஒருவருக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னதால் அவரோடு நின்றவருக்கும் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு பெரியண்ணை வந்தார். என் கணவருக்குத் தூரத்து உறவில் அண்ணன், பாரிஸுக்கு வெளியே திரான்சியில் இருந்தார். எல்லோருக்கும் முதல் வந்தவர், வந்தவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தவர். ஆகவே நாங்கள் எல்லோரும் சாகும்வரை அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பது அவருடைய எண்ணம். கதவைத் திறந்தபோது உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"இருக்கிறதுக்கு வரேல்லை, தங்கச்சி. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறியள், எனக்கு மட்டும் சொல்லேல்லை. ஏன் எண்டு கேட்டிட்டுப் போகத்தான் வந்தனான்."

என் கணவரைப் பார்க்க வேண்டும். செய்யாத கொலைக்கு அகப்பட்டவர்போல நின்றார். "ஐயோ அண்ணை, உங்களுக்குச் சொல்லாமல் போவமே? இண்டைக்குப் பின்னேரம் சொல்ல வரத்தான் இருந்தனாங்கள்" என்று பச்சைப் பொய் சொன்னார். பிறகு, "நீங்களும் குடும்பமாய் வரவேணும்" என்றார். பெரியண்ணை உள்ளே வந்தார், இருந்தார், இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அவர் வந்தால் அவருடைய மனைவியின் சகோதரங்கள் வரவேண்டும். திரான்சிக்குச் சொன்னால் இன்னும் தள்ளிக் கூசேன்வில்லில் இருக்கிற ஆட்களுக்குச் சொல்லாமல் முடியாது. ஜூன் முடிவதற்குள் கார் போய் இரண்டு வான் ஆயிற்று. வான் போய் வாடகைக்கு எடுக்கிற பெரிய பஸ் ஆயிற்று.

பஸ் வந்ததும் பாண்டிச்சேரிக்காரருடைய அழகான திட்டம் ஒவ்வொரு துண்டாகக் கழன்றது. தோட்டங்களுக்குப் போகும் ஒழுங்கைகளில் பஸ் ஏறாது என்றார். அப்படியானால் தோட்டக்காரனைப் பீப்பாயோடு பெரிய ரோட்டுக்கு வரச்சொல்லுங்கள் என்றார் பெரியண்ணை. அந்த மனிதர் பட்ட வேதனையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது, கொஞ்சம்தான். இரவு தங்க விடுதியா கூடாரமா என்று ஒரு ஞாயிறு போனது. பிரெஞ்சுக்காரன் விற்கிற சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே அரிசி, தேங்காய், சோறு வடிக்கப் பெரிய கிடாரம், காஸ் அடுப்பு எல்லாம் கொண்டுபோவது என்று இன்னொரு ஞாயிறு முடிவானது. உலகத்திலேயே சாப்பாட்டுக்குப் பேர்போன நாட்டில், ஏரிக்கரையில், கிடாரத்தில் சோறு. முன் இருக்கையில் யார் என்பதற்கு ஒரு கிழமை முழுவதும் போனது. தலைசுற்றுகிற பெண்கள் முன்னுக்கு என்றார்கள். உடனே எல்லாப் பெண்களுக்கும் தலை சுற்றியது.

பாலம் இந்தக் கூட்டங்களில் மெல்ல மெல்லச் சுருங்கியது. முதலில் ஒரு பின்னேரம் என்றார்கள். பிறகு, சமையல் முடிந்து நேரம் இருந்தால் என்றார்கள். ஒருநாள் பெரியண்ணையின் மனைவி, "பஸ்ஸிலை போகேக்கை யன்னலாலை காணலாம்தானே" என்றா. நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். யாரையாவது அடித்துவிடுவேன் போல இருந்தது.

அந்த நாட்களில் தங்கையோடு ஒருதரம் ரெலிபோனில் கதைக்கக் கிடைத்தது. அவளுடைய விடுதியில் நடையில் ஒரு ரெலிபோன், அதை யார் எடுப்பார்கள் என்பது அதிர்ஷ்டம். அன்று அவளே எடுத்தாள். நாளைச் சொன்னேன்: ஓகஸ்ட் பதினைந்து, மாதா பெருநாள், எல்லா இடமும் விடுமுறை, பின்னேரம் பாலத்துக்கு வா. எரிச்சலில் மற்றதையும் சொன்னேன். ஒரு காரில் வர இருந்தோம், இப்போது ஒரு பஸ் நிறைய வருகிறார்கள் என்று.

மறுபக்கத்தில் அவள் நடையில் நின்ற யாரையோ சத்தம் போடவேண்டாம் என்றாள்.

"பஸ் நிறைய எங்கடை ஆக்களே, அக்கா? என்னைப் பார்க்கவோ?"

அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை தனியே ஒரு கல்யாணத்துக்குப் போகிறது. பெண் பக்கத்தில் நிற்க ஒரு ஆளும் இல்லை. வழியனுப்ப ஒரு பஸ் சனம் வருகிறது என்றால் அது சின்ன விசயமா? "ஓம்" என்றேன். அன்றுதான் முதல்தடவையாக அந்தப் பஸ்ஸின்மேல் எனக்கு இருந்த கோபம் சற்று இறங்கியது. வரட்டும், கிடாரத்தையும் கொண்டு வரட்டும் என்று நினைத்தேன்.

ஜூலை கடைசி ஞாயிறு கடைசிக் கூட்டம். எங்கள் அறையில் இடம் போதாமல் மாடிப்படிகளிலும் ஆட்கள். பெரியண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார்.

"எனக்கு ஒரு விசயம் மனதைப் போட்டு அரிக்குது. மாதாவின்ரை பெருநாள் அண்டைக்கு நாங்கள் பூசையும் காணாமல், வைன் குடிச்சு, களிசானோடை தண்ணிக்கை நிக்கிறது சரியே? ஊரிலை எண்டால் மடு மாதா கோயிலிலை நிற்பம். பஸ்ஸும் பிடிச்சாச்சு. லூர்துக்கு விட்டால் என்ன?"

மாடிப்படியில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் "மாதாவே" என்று பெருமூச்சு விட்டா. அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒருவருக்கு முழங்கால் நோ, ஒருவருக்கு வழக்கு முடிய வேண்டும், ஒருவருக்குப் பிள்ளை இல்லை. எல்லோருக்கும் லூர்தில் அலுவல் இருந்தது. சைவக்காரர்கள் இரண்டு குடும்பம் இருந்தார்கள், அவர்கள்தான் எல்லோருக்கும் மேலே சந்தோசப்பட்டார்கள். மாதாவும் அம்மன்தானே என்றார்கள். ஏரி வடக்கா தெற்கா, லூர்து கிழக்கா மேற்கா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. படத்தில் ஒன்று நாட்டின் ஒரு மூலையிலும் மற்றது எதிர்மூலையிலும் கிடந்தன. "போற வழியிலை அந்தப் பாலத்தையும் பார்க்கலாம்" என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"என்ரை தங்கச்சி வந்து நிற்பாள்" என்றேன், சத்தமாக. அறை முழுவதும் கேட்டது.

"மாதாவிட்டை ஒப்புக்குடுப்பம், தங்கச்சி" என்றார் பெரியண்ணை. அதோடு என் விசயம் முடிந்தது. பேச்சு திரும்பவும் கிடாரத்துக்குப் போயிற்று.

அன்று எல்லோரும் போனபிறகு கணவரிடம், நீங்கள் ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் சேர்ந்து சொல்லேக்கை நான் என்னத்தைச் சொல்லுறது? நான்தானே எல்லாருக்கும் சொன்னனான். இப்ப நானே வராமல் விட்டால் என்ன நினைப்பினம்?"

"உங்கடை மனுசி என்ன நினைப்பாள் எண்டு ஒருக்காலும் யோசிக்கிறேல்லையோ?"

"நான் லூர்து மாதாவிட்டை உம்மடை தங்கச்சிக்காக ஒரு திரி கொளுத்துறன்" என்றார். மனதார, நல்ல எண்ணத்தோடு சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கெட்ட மனிதனோடு சண்டை பிடிக்கலாம். முதுகெலும்பு இல்லாத நல்ல மனிதனை என்ன செய்வது? மாதா பஸ் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போகமாட்டா என்றேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பாண்டிச்சேரிக்காரரிடமும் கேட்டேன். முதலில் சொன்னபடி உங்கள் காரில் போவோம், நாங்கள் நாலு பேர் மட்டும் என்று. அவர் தரையைப் பார்த்தார்.

"போலாம்மா. ஆனா நாம தனியாப் போனது தெரிஞ்சா அவங்க என்ன நெனப்பாங்க? அதுவும் பஸ்காரன்கிட்ட பிரெஞ்சுல பேச ஆள் வேணும்னு பெரியண்ணன் கேட்டிருக்காரு. எங்கிட்ட அவரே வந்து சொன்னாரு."

வந்து சொன்னாராம். எங்கள் நோய் அவருக்கும் தொற்றிவிட்டது. அந்தக் கணத்தில் அவருடைய பிரெஞ்சு, அவருடைய தபால் கந்தோர், நிலவறை வைன், எல்லாமே எனக்கு அற்பமாகப் போய்விட்டன.

பஸ் லூர்துக்கு மாறியதையும் நான் மட்டும் தனியே வருவதையும் தங்கைக்குச் சொல்ல, வேலை முடிந்து வரும் வழியில் வீதிமுனை ரெலிபோன் கூண்டிலிருந்து பலதரம் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் வேறு வேறு நாட்டுக் குரல்கள். அவள் இல்லை, வேலைக்குப் போய்விட்டாள், அப்படி ஒருவரைத் தெரியாது. கடைசியாக ஒரு மனிதர் பொறுமையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அக்கா வருகிறாள், அக்கா வருகிறாள் என்று இரண்டு தரம் சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்றார். அதற்கு மேல் விளக்க என்னிடம் பாஷை இருக்கவில்லை.

பதினாலாம் திகதி பின்னேரம் அவர்கள் கிடாரத்தோடும் செபமாலையோடும் புறப்பட்டார்கள். கிளிப்பச்சைக் களிசானையும் என் கணவர் பையில் வைத்ததைக் கண்டேன். லூர்தில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்தநாள் காலையில் நான் தனியே கார் து லியோன் நிலையத்தில் ரயில் ஏறினேன். பெண்பிள்ளை தனியே போவதா என்று பிறகு லா சப்பல் கடைகளில் ஒரு மாதம் கதைத்தார்களாம். கதைக்கட்டும். அவர்கள் வேறு என்னத்தைத்தான் ஒழுங்காகச் செய்தார்கள்?

ஏவியானில் இறங்கி ஏரிக்கரையோடு போகிற சின்ன பஸ் ஒன்றில் ஏறினேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தண்ணீர். தண்ணீருக்குள் சனம் விழுந்து எழும்பிச் சிரித்தது. கரையில் துணியை விரித்து, போத்தலை நடுவில் வைத்து, ஆணும் பெண்ணுமாக இரண்டு இரண்டு பேர். யாருக்கும் சொல்லாமல் வந்தவர்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது, வேறொன்றுமில்லை.

சான் ஜான்கோல்ப் ஒரு தெரு. தெரு இறங்கிப் போகிற இடத்தில் பாலம். பாண்டிச்சேரிக்காரர் இந்த ஒன்றைமட்டும் சரியாகச் சொல்லியிருந்தார். ஆறு என்று சொல்ல முடியாது, வாய்க்கால்தான், கற்களுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. இந்தப் பக்கத்து அதிகாரியிடம் என் தாளைக் காட்டி, அந்தப் பக்கத்தைக் கையால் காட்டி, "சிஸ்டர்" என்றேன். பிரெஞ்சுச் சொல் அவசரத்துக்கு வாயில் வரவில்லை. அவன் நான் நிற்கவேண்டிய இடத்தைச் சப்பாத்துக் காலால் தரையில் தட்டிக் காட்டினான்.

மறுகரையில் ஒரு கூட்டம் நின்றது. முதலில் ஏதோ கல்யாணம் என்று நினைத்தேன். ஆண்கள் கோட் போட்டிருந்தார்கள், பெண்கள் பட்டுச் சீலை. கைக்குழந்தைகள். வீதி ஓரத்து மதிலில் துணியால் மூடிக் கட்டிய பெரிய பெரிய சட்டிகள் வரிசையாக இருந்தன, மேலே கடதாசித் தட்டங்கள் ஒரு அடுக்கு. அவர்களுக்கு முன்னால், பாலத்தின் அந்த முனையில், மஞ்சள் சீலையில் என் தங்கை. வளர்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அம்மாவின் நெற்றி அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"அக்கா!" என்று கத்தினாள். நான் கையை ஆட்டினேன்.

அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான மனிதர் வாய்க்காலின் சத்தத்துக்கு மேலால் சொன்னார்: "பிள்ளை, நாங்கள் லோசானிலை இருக்கிற ஆக்கள். பாரிசிலையிருந்து பெண் வீட்டார் ஒரு பஸ் வருகினம் எண்டு உம்மடை தங்கச்சி வந்து சொன்னவா. வாற சனத்தைப் பசியோடை அனுப்பலாமே? விடியத் தொடக்கம் சமையல். பொலிசுக்காரனிட்டையும் கேட்டாச்சு, சட்டியளை அந்தப் பக்கம் எடுக்க விடுறானாம்."

ஒரு பெண் ஒரு சட்டியின் துணியை அவிழ்த்தா. ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் வாய்க்காலைத் தாண்டி வந்தது. நான் நின்ற பக்கத்தில் அந்த அதிகாரியையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. எனக்காக இல்லை. அந்த நேரத்தில் நாட்டின் எதிர்மூலையில் திரி கொளுத்திக்கொண்டிருந்த அந்தச் சனத்துக்காக.

"அக்கா," என்றாள் தங்கை. கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்த ரோட்டைப் பார்த்தாள். "எங்கடை ஆக்கள் எங்கை?"

"பின்னாலை வருகினம்," என்றேன். "ரோட்டிலை சரியான சனம்."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி அந்தப் பெண்ணிடம், சட்டியைத் திரும்ப மூடுங்கோ, ஆறிப்போகும் என்றாள்.